ஏழே முக்கால் மணி மறைவுச் செய்திகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை ஏழே முக்கால் மணிக்கு நான் ஒரு ஆளைச் சாகடித்தேன். நல்ல உச்சரிப்போடு, பின்னால் மெல்லிய புல்லாங்குழல் இசையோடு.

எங்கள் ஊர்க்குருவி பண்பலையில் தினமும் காலையில் மறைவுச் செய்திகள் வாசிப்போம். தாராபுரத்தைச் சுற்றி யார் காலமானாலும் வீட்டார் எங்களுக்குப் போன் செய்வார்கள். பெயர், ஊர், வயது, எடுக்கும் நேரம், டவுனில் யாருக்கு என்ன உறவு, எல்லாம் சொல்வார்கள். நான் எழுதிக்கொண்டு வாசிப்பேன். என் அடையாள அட்டையில் 'கோகிலவாணி, செய்தியாளர்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆறு வருடத்தில் நான் கொடுத்த செய்திகளில் முக்கால்வாசி எழவுதான்.

இன்று வாசித்தது, வேலாம்புதூர் சென்னியப்பன், வயது எழுபத்து நான்கு, தாராபுரம் ஜவுளிக்கடை நடராசுவின் பெரியப்பா. நடராசு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாலையும் கோடித்துணியுமாகக் கார் பிடித்துப் போயிருக்கிறது. நடராசுவின் மனைவி வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டதாம்.

மதியம் சென்னியப்பனே போன் செய்தார். "ஏனம்மிணி, நாஞ் செத்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கே யாரும் சொல்லலையே" என்றார். மாலையைத் தன் எருமைக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். மறுப்பு வாசிக்கிறேன் என்று கெஞ்சி வைத்தேன்.

மேனேஜர் தெய்வசிகாமணி சார் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். செய்தி சொன்னவர் கொடுத்த எண்ணை நாம் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும், கேட்டபின் 'அழைத்து உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும், இது நிலைய விதி. எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு இந்த விதியை மீறியதால்தான் வேலை போனது. டிக் இருந்தது. "கூப்பிட்டீங்களா?" என்றார். கூப்பிட்டேன் சார் என்றேன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 4, புதன்

நடராசு வீட்டில் திருட்டு. நேற்று அவர்கள் வேலாம்புதூரில் இருந்த நேரத்தில் பின்கதவை உடைத்து நகையை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

ஜூன் 5, வியாழன்

சம்பந்தம் இருக்கிறது என்று ஊரே பேசுகிறது. மளிகைக் கடையில் என் குரலைக் கேட்டதும் ஒரு அம்மா திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "என்ற பேரை வாசிச்சுப் போடாதே கண்ணு" என்றார்.

ஆறுதல் சொன்னது ரங்கராசு ஒருவர்தான். கரட்டுப்பாளையத்துக்காரர். நான் நடத்தும் 'பத்து மணிப் பந்தல்' நிகழ்ச்சிக்கு இரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் போன் செய்யும் நேயர். நேரில் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை பஸ்ஸில் முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். ஒரே குறை, போனில் பேசும்போதும் ரேடியோவை அலற விட்டிருப்பார். நான் தினமும், ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க என்பேன். "கொறச்சா உங்க கொரலு கேக்காதுங்ளே அக்கா" என்பார். எனக்கென்று இருக்கும் ஒரே ரசிகர். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இன்று பாட்டு ஓடும்போது, "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, எளவு வீட்டுக்குப் போனப் போட்டு எப்படிக் கேக்கறது" என்றார். மனசு லேசானது.

ஜூன் 9, திங்கள்

இன்னொன்று. இந்த முறை நான் சாகடித்தது ஒரு மில் மேஸ்திரியின் மாமியாரை. அந்த அம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வீட்டுப் பின்கதவும் போச்சு.

மதியம் எஸ்.ஐ. ஜெயக்கொடி வந்தார். ஒல்லியான பெண், கண் சிமிட்டாமல் பார்க்கிறார். இரண்டு செய்தியும் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஒரு ரூபாய் போன்களில் இருந்து வந்தவையாம். யார் பேசினார்கள் என்று எந்தக் கடைக்காரருக்கும் நினைவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க குரலைக் கேட்டு ஒருத்தர் வீட்டைப் பூட்டறாங்க. அதே குரலைக் கேட்டு ஒருத்தன் பூட்டை உடைக்கறான். நடுவுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். டிக், டிக், டிக்.

வரும் வழியில் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் வீட்டில் நான் ஒருத்திதான்.

ஜூன் 10, செவ்வாய்

இங்கே எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் கூப்பிட்டதே இல்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. பொணத்தைக் கூடத்தில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருப்பவர்களிடம், உங்கள் அப்பா செத்தது நிஜம்தானா என்று எப்படிக் கேட்பது? துக்கத்தைப் போனில் விசாரிப்பதே எங்கள் பக்கம் தப்பு. நேரில் போய், கையைப் பிடித்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். நடராசுவும் அதனால்தானே ஒரு போன்கூடப் போடாமல் கார் பிடித்தார். முதல் வாரம் எண்ணைச் சுழற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து டிக் மட்டும்தான்.

இது தெரிந்தால் வேலை போகும். வேலைகூடப் போகட்டும், மைக் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பள்ளியில் கட்டைக் குரல் என்று என்னைப் பாட விட்டதில்லை. இந்த ஊரில் என் குரலுக்கு மரியாதை கொடுத்தது அந்த மைக் ஒன்றுதான்.

திருடனை நானே கண்டுபிடித்துவிட்டால் பதிவேட்டை யாரும் நோண்டமாட்டார்கள். செய்தியாளர் என்று அட்டை கொடுத்திருக்கிறார்கள். புலனாய்வு செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 12, வியாழன்

புலனாய்வு, முதல் நாள். மேனேஜர் மேல் சந்தேகம். புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார், தினமும் நான்கு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் மறைகிறார். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். பேக்கரியில் நின்று இரண்டு தேங்காய் பன் தின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. என்னைப் பார்த்துவிட்டு, "வீட்டுல சொல்லிப் போடாதீங்கம்மா" என்று கும்பிட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்து அடித்தேன்.

இனி ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தடவை கூப்பிட வேண்டுமாம், மேனேஜர் உத்தரவு. கூப்பிடவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய் அந்தந்த ஊர் பஸ் கண்டக்டரிடம், வரும்போது பந்தல் போட்டிருந்ததா, கொட்டுச் சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். இன்று வந்த இரண்டு சாவும் உண்மை. நிம்மதியாக இருந்தது. சாவு உண்மை என்றதும் நிம்மதிப்படும் அளவுக்கு ஆகிவிட்டேன்.

ஜூன் 14, சனி

ரங்கராசு இன்று, "நீலக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க அக்கா" என்றார். குரலை வைத்தே நிறம் சொல்லும் ரசிகர். நேற்று நான் நீலச் சேலைதான் கட்டியிருந்தேன்.

இதை எழுதிவிட்டுப் போய்ப் பின்கதவை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான்.

ஜூன் 16, திங்கள்

எங்கள் போன் கணினியில் எல்லா அழைப்பும் பதிவாகும். இரண்டு பொய்ச் செய்திகளையும் இயர்போன் மாட்டிக்கொண்டு இருபது தடவை கேட்டேன். துணியை வாயில் வைத்துப் பேசுவது போன்ற ஆண்குரல். அடையாளம் தெரியவில்லை.

இருபத்தோராவது தடவை, குரலைக் கேட்காமல் குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டேன். ஒரு பெண் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். சின்ன வெங்காயம், முருங்கை வரத்து, தக்காளி. சந்தை நிலவரம். அந்தப் பெண் நான்தான். ஏழு பத்துக்கு நான் முன்பே பதிவுசெய்த சந்தை நிலவரம் ஓடும். அந்த நேரத்தில்தான் இந்தப் பக்கம் போன் எடுப்பேன். இரண்டு அழைப்பிலும் பின்னால் எங்கள் ரேடியோதான் ஓடுகிறது.

எழவு விழுந்த வீட்டில் யார் ரேடியோ போடுவார்கள்? டிவிக்கே துணி போட்டு மூடிவிடுவார்கள். கடையில் ஓடிய ரேடியோவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கடை, சத்தமோ வாய்க்குப் பக்கத்திலேயே கேட்கிறது. ரேடியோவைக் கையோடு கொண்டுபோகிற ஆள். போன் பேசும்போதுகூட அணைக்க மனமில்லாத ஆள்.

யாராக இருக்கும் என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. இட்லிக்கு மாவு அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நினைவுக்கு வராமல் என்ன. நேற்றே வந்துவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை.

தைப்பொங்கல் சமயம், பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, நான்தான் ரங்கராசுவிடம் சொன்னேன். எழவு வீட்டுக்குக் கூப்பிட எனக்குக் கை வராது, சும்மா டிக் போட்டுவிடுவேன் என்று. சிரித்துக்கொண்டே சொன்னேன். உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். அப்புறம் அந்த நீலச் சேலை.

இன்று பத்து மணிக்கு அவர் அழைப்பு வந்தபோது என் காது மடல் ஜில்லென்று ஆகிவிட்டது. "ஏனுங்கக்கா, கொரலு ஒரு மாதிரி இருக்குது? சளிங்களா?" என்றார். ஆமாங்க, சளி என்றேன்.

முறுக்கு டப்பாவைக் கொட்டிவிட்டேன். எறும்புகூடப் பக்கத்தில் வரவில்லை. அதற்கும் பயந்தேன்.

ஜூன் 18, புதன்

ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ.யிடம் ரேடியோ சத்தத்தைப் பற்றிச் சொல்லி, ரங்கராசுவின் எண்ணைக் கொடுத்தேன். டிக் பற்றிச் சொல்லவில்லை.

மாலையில் அவரே போன் செய்தார். கரட்டுப்பாளையத்தில் ரங்கராசு என்று யாரும் இல்லை. அந்த செல்போன் எண் வேறொருவர் பெயரில் இருக்கிறது. இரண்டரை வருடத்துக்கு முன் நான் மறைவுச் செய்தி வாசித்த பெயர் அது. அந்தச் சாவு நிஜம். செத்தவர் பெயரில் சிம் வாங்கிக்கொண்டு இந்த ஆள் தினமும் எனக்கு நல்லாருக்கீங்களா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

போனும் என்னிடம் பேசும்போது மட்டும்தான் உயிரோடு இருக்குமாம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில். அடுத்த பொய்ச் செய்தி வரும்வரை ஒன்றும் தெரியாததுபோல இருக்கச் சொன்னார். எனக்கு வீட்டில் பல்லி கத்தினாலே தூக்கிவாரிப் போடுகிறது. புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைக் காணோம்.

ஜூன் 19, வியாழன்

சாவி கிடைத்தது. மாவுச் சட்டியில்.

ஜூன் 23, திங்கள்

ஏழு பன்னிரண்டுக்கு வந்தது. துணி வைத்துப் பேசிய குரல். பின்னால் என் குரலில் முருங்கை வரத்து. காங்கயம் பக்கத்தில் ஒருவர் காலமானாராம். ஓய்வுபெற்ற டீச்சர் பழனாத்தாளுக்கு அண்ணனாம். எடுப்பது நாளைக்கு, உள்ளூர் ஆட்கள் கிளம்ப வசதியாக நாளைக் காலையில் வாசிக்க வேண்டுமாம். சரிங்க என்று எழுதிக்கொண்டேன். பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது.

எஸ்.ஐ. அந்த அண்ணனையே பிடித்துப் பேசிவிட்டார். மனுஷன் சிரித்தாராம். "ஒரு நாளைக்குத்தானுங்களே, செத்துட்டுப் போறன்" என்றாராம்.

என் நிகழ்ச்சியை இன்றே பதிவு செய்து வைத்தோம். போன் லைன் பழுது, நாளை பாட்டு மட்டும்தான் என்று சொல்லிவைத்தேன். நான் ஸ்டூடியோவில் இருப்பதாக ரங்கராசு நினைக்க வேண்டும். நானோ டீச்சர் வீட்டில் ஒளிந்திருக்க வேண்டும். அந்த ஆளின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வாசித்தேன். டீச்சர் மாலையை நாலு பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டு, அழுதபடி ஆட்டோவில் ஏறினார். நன்றாகவே அழுதார். எஸ்.ஐ. எதிர்வீட்டு மாடியில். பின்பக்கம் ஒரு கான்ஸ்டபிள். நான் சமையலறைக்கு அடுத்த சாமான் அறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால். கையில் ஒரு விசில். ஆள் வந்து குரல் கேட்டதும் ஊத வேண்டும்.

பத்து மணி. பத்தே கால். அரிசி டிரம்மில் வண்டு ஊரும் சத்தம்கூடக் கேட்டது. எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் எல்லாம் தீர்ந்து, காலண்டரில் இருக்கும் சாமிகளுக்கு வந்துவிட்டேன்.

பின்கதவில் கிரீச் என்று ஒரு சத்தம். கான்ஸ்டபிள் வருகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அப்போது என் குரல் கேட்டது. நான் பேசவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தேன். என் குரல் சமையலறைக்குள் நுழைந்து, "நேயர்களே, இன்று நம் தொலைபேசிக்கு மட்டும் உடம்பு சரியில்லை" என்று சொல்லிச் சிரித்தது. சிரித்தபடியே என் பக்கம் வந்தது. அப்படியொரு பயம் எனக்கு இனி எந்த ஜென்மத்திலும் வரக்கூடாது. என்னை நானே தேடிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

அறைக்கதவு திறந்தது. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எந்தப் பஸ்ஸிலும் பக்கத்து சீட்டில் உட்காரக்கூடிய முகம். கையில் கடப்பாரை. சட்டைப் பையில் சின்ன ரேடியோ, அதற்குள் நான் அடுத்த பாட்டை அறிவித்துக்கொண்டிருந்தேன்.

விசில் ஊத வேண்டும். வாய் உலர்ந்து காற்றே வரவில்லை. வாயைத் திறந்தேன். ஆறு வருடப் பழக்கம்தான் வெளியே வந்தது.

"ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

அவர் கை தானாகப் பைக்குப் போய் சத்தத்தைக் குறைத்தது. அவருக்கும் இரண்டு வருடப் பழக்கம். அப்புறம்தான் திடுக்கிட்டு டிரம்மைப் பார்த்தார்.

"அக்கா?" என்றார். பையைத் தொட்டுக் காட்டினார். "நீங்க... இங்க பேசிட்டு இருக்கறீங்ளே."

நான் எழுந்து நின்றேன். டிரம்மைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஓடியிருக்கலாம். பின்கதவு திறந்தே இருந்தது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் லைன் பழுதுன்னு சொன்னீங்க. பொய்ங்களா?"

"ஆமாங்க."

"நீங்க ரேடியோல பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

விசிலை அப்போதுதான் ஊத முடிந்தது. எஸ்.ஐ. வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், நான் டிரம் மேல். ரேடியோவில் மெல்லிசாகப் பாட்டு.

ஜூன் 25, புதன்

பேப்பரில் என் படம். 'துணிச்சல்மிக்க பெண் செய்தியாளர்.' வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்து போன் செய்து, துணிச்சல் யாருக்கு என்று கேட்டார். மேனேஜர் தேங்காய் பன் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்து, தானும் ஒன்று தைரியமாகத் தின்றார். சென்னியப்பன்கூடப் போன் செய்து, "இனி நாஞ் செத்தா நீயே வாசி அம்மிணி" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

எஸ்.ஐ. ஜெயக்கொடி வந்தார். இந்த முறை டீ குடித்தார். அந்த ஆள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். வேலை பார்த்த தறிப்பட்டறை மூடியபிறகு இதுதான் தொழிலாம். ஒன்று மட்டும் எஸ்.ஐ.க்குப் புரியவில்லை. அழைத்துச் சரிபார்க்க மாட்டார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டதற்கு, "குருட்டு நம்பிக்கைங்க" என்று மட்டும் சொன்னாராம்.

கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

அந்த ஆள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். மைக் என்னுடையது. இன்று பத்து மணிப் பந்தலில் நடராசு, டீச்சர் எல்லாரும் வாழ்த்தினார்கள். எல்லோரும் ரேடியோவைக் குறைத்துவிட்டுத்தான் பேசினார்கள். சொல்ல வேலையே இல்லை.

ஜூன் 26, வியாழன்

சோறு இறங்கவில்லை. 'நீங்க ரேடியோல பொய் சொல்ல மாட்டீங்க.' திருடன் என்னிடம் வைத்த நம்பிக்கை அது. நான் அதை ஆறு வருடமாக டிக் போட்டே ஏமாற்றியிருக்கிறேன். எருமைக்குப் போன மாலையும் மயங்கி விழுந்த நடராசு மனைவியும் என் கணக்குத்தான்.

மூன்று மணிக்குப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். இதில் இருக்கும் டிக் ஒன்றுகூட உண்மை இல்லை சார் என்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான்கு மணி ஆகியும் பேக்கரிக்குப் போகவில்லை. கடைசியில், நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்றார்.

எஸ்.ஐ.க்கும் போன் செய்து சொன்னேன். "தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

பத்து மணிப் பந்தல் போய்விட்டது. இனி வேறு பெண் நடத்துவாள். மறைவுச் செய்தி மட்டும் எனக்கு. அதுவும் ஒவ்வொன்றையும் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து அழைத்துக் கேட்ட பிறகுதான். ஒரு பொய் டிக், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் சில்லறை கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஏழு இருபதுக்கு ஒரு செய்தி. மூலனூர் பக்கம், வயது அறுபத்து எட்டு. எண்ணை எழுதிக்கொண்டேன். மேனேஜர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு இலக்கத்தைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினேன். மணி அடித்தது. வைத்துவிடலாமா என்று மேனேஜரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு பெண் எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"ஆமாங்க. என்ற அப்பாதானுங்க. வெடியக்காலம் நாலு மணிக்குங்க" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க. தினமும் ரேடியோவ நெஞ்சு மேல வெச்சுட்டுத்தான் அப்பா உங்களக் கேப்பாங்க. இன்னிக்கு நாங்கதான் அமத்தி வெச்சோம்" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் முருங்கை இல்லை, வெங்காயம் இல்லை, என் குரல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

கட்டத்தில் டிக் போட்டேன்.